பதினோராம் எண்ணில் உட்கார்ந்தவள்

அட்டையில் ஓட்டை போடும் பஞ்ச் ஹாலில் எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது, பக்கத்து நாற்காலிக்காரியின் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்த பெண்கள் புருவத்தால் பேசக் கற்றிருந்தார்கள். மேனேஜர் வருகிறார் என்பதற்கு ஒரு புருவம். உன் வீட்டு மீன் குழம்பில் எனக்குப் பங்கு வேண்டும் என்பதற்கு இரண்டு புருவம். ரோஷன் பேகம் ஒருத்திதான் புருவத்தையும் அசைக்காமல் அமலராணியோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். எப்படி என்று கேட்டால் இரண்டு பேருமே சிரிப்பார்கள்.

அமலராணி, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த சகாயநாதனின் மூத்த மகள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு மேலப்புதூரில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தாள். அவள் விரல்களின் வேகத்தைப் பார்த்து வகுப்பு நடத்தியவரே, "மெதுவா அடிம்மா, மெஷின் என்னோடது" என்று கெஞ்சுவாராம். எழுபத்து மூன்றில், திருவெறும்பூரைத் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் இருந்த குழாய்த் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது அவளுக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று சகாயநாதன் கேட்டார். "பெரிய பீரோ மாதிரி இருக்குப்பா, அதுக்கு ஏ.சி. எல்லாம் வச்சிருக்காங்க" என்றாள். பட்டறைச் சூட்டிலேயே ஆயுளைக் கழித்த மனிதர், மகள் ஏ.சி.க்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறாள் என்பதைத் தெருவெல்லாம் சொல்லி வந்தார்.

பீரோவுக்குத் தீனி அட்டைகள்தான். எந்த ஆர்டருக்கு எந்தக் குழாய், எத்தனை, என்ன நீளத்தில் அறுக்க வேண்டும் என்பதையெல்லாம் பெண்கள் மெஷினில் அடிப்பார்கள். மெஷின் அட்டையில் ஓட்டை போடும். அடித்த அட்டை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகாது. வெரிஃபையர் என்று இன்னொரு மெஷினில் இன்னொருத்தி உட்கார்ந்து அதே விவரத்தை மறுபடியும் அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் பக்கவாட்டில் ஒரு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மேல் ஓரத்தில் வெட்டு விழும். தன் அட்டையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது ஹாலின் சட்டம். அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். அமலராணி அடிப்பாள், ரோஷன் பேகம் சரிபார்ப்பாள். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான சிநேகிதம். ஒருத்தியின் தப்பைத் தேடுவதுதான் இன்னொருத்தியின் உத்தியோகம். அப்படியும் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ரோஷன் ஒரு நாள்கூட, "இன்னிக்கு உனக்கு இத்தனை தப்பு" என்று சொன்னதில்லை. மேல் வெட்டு விழுந்த அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

எண்பதில் அமலராணி ஹாலுக்கு இன்சார்ஜ் ஆனாள். நிர்வாகம் பற்றி அவள் எதுவும் படித்தவளில்லை. ரோஷனிடம் பார்த்ததையே ஹாலுக்கும் வழக்கமாக்கினாள். தப்பான அட்டைகள் எல்லாம் ஒரே பெட்டியில் விழும். யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. கை ஒழிந்தவள் எடுத்துத் திருத்தி அடிக்க வேண்டும். அந்த ஹாலில் அழுகை குறைந்தது. வேலையும் ஒழுங்காக நடந்தது. மேலதிகாரிகள் அவளுக்கு ஏதோ நிர்வாகத் திறமை இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

எண்பத்தைந்தில் எல்லாம் மாறியது.

கம்ப்யூட்டர் பிரிவின் மேனேஜர் அழகியமணவாளன் ஸ்ரீரங்கத்துக்காரர். சித்திரை வீதியில் பரம்பரை வீடு. நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோட்டோடு ஆபீசுக்கு வருவார். அதிகம் பேச மாட்டார். அவர் ஒரு திங்கட்கிழமை அமலராணியைத் தம் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"இனிமே அட்டை கிடையாது. டெர்மினல் வருது. டி.வி. மாதிரி ஒரு திரை, கீழே கீபோர்டு. அடிச்ச உடனே நேரா கம்ப்யூட்டருக்குப் போயிடும்."

"வெரிஃபையர், சார்?"

"அதுவும் கிடையாது. பதினாறு பேர் செய்யற வேலையைப் பத்துப் பேர் செய்யலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. மீதி ஆறு பேரை மணப்பாறைக் கிடங்குக்கு மாத்தறாங்க."

மணப்பாறைக் கிடங்கு என்றால் வெயிலில் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலை. காலையில் கருக்கலில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. குடும்பப் பெண்களுக்கு மாற்றல் என்பதும் வேலையை விடு என்பதும் ஒன்றுதான்.

"யார் யார்னு நீங்களோ நானோ சொல்ல வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் கொடுத்துடுவோம். அந்த எண்ணை அடிச்சுட்டுத்தான் உட்காரணும். யார் எவ்வளவு வேகம், எவ்வளவு வேலைன்னு மெஷினே எண்ணிடும். ஒரு மாசம் பார்ப்போம். மெஷினுக்கு வேண்டியவா, வேண்டாதவா இல்லை பாருங்கோ." அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்க அந்தப் போட்டியிலே இல்லை. புதுப் பிரிவுக்கு நீங்கதான் ஆபீசர். இந்தத் தொழிற்சாலையிலே தனி அறையோட உட்காரப்போற முதல் பெண்பிள்ளை நீங்கதான்."

அன்று சாயங்காலம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில், அவள் கணவன் கிளமென்ட் செய்தியைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று சல்யூட் வைத்தான். பள்ளிக்கூட ஆசிரியன், எதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வான்.

"கதவுல பேர்ப்பலகை வைப்பாங்களா, அமலி?"

"வைப்பாங்களாம்."

"அப்ப திருமதி அமலராணி கிளமென்ட்னு முழுசா போடச் சொல்லு. என் பேரு எங்கயும் பலகையில வந்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. ரோஷனின் கைகளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

டெர்மினல்கள் வந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஹால் திடீரென்று மௌனமாகிவிட்டது. அத்தனை வருஷம் புருவத்தால் பேசியவர்களுக்கு வாயால் பேச வெட்கமாக இருந்தது. அமலராணிதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். முக்கியமாகக் கீபோர்டில் தட்டும் ஒரு சாவியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தாள். பழைய பஞ்ச் மெஷினில் மூலையில் ஒரு சாவி உண்டு. அதைத் தட்டினால் முந்தைய அட்டையில் இருந்தது அடுத்த அட்டையிலும் அப்படியே இறங்கும், நீளம் வரும் இடத்தில் தானாக நின்றுவிடும். புதிய கீபோர்டிலும் அதே மூலையில் அதே மாதிரி ஒரு சாவி. ஆனால் இது நிற்காது. மேல் வரி முழுவதையும் நீளத்தோடு சேர்த்துக் கீழே இறக்கிவிடும்.

"பழக்க தோஷத்துல அங்க விரல் போகும். போகக் கூடாது, ஆமா."

"உங்களுக்குத்தாங்க்கா போகும். நாங்க எங்க அந்தச் சாவிய தொட்டோம்" என்றாள் லூர்துராணி. அந்த ஹாலிலேயே சின்னவள்; வாய் மட்டும் பெரியது. எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான். அந்தச் சாவியை வைத்து வித்தை காட்டியவள் அமலராணி ஒருத்திதான். ரோஷன் பேகமோ ஒவ்வொரு எழுத்தையும் முழுதாக அடிப்பவள்.

ரோஷனுக்கு விழுந்த எண் பதினொன்று. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் திரையில் வரிகள் மளமளவென்று ஏற, அவள் திரையில் மட்டும் ஒவ்வொரு வரியும் யோசித்து யோசித்து ஏறியது. ஒரு சொல் அடிப்பாள், நிற்பாள், நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு அடுத்தது. வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமியார். சத்திரம் பஸ் நிலையத்துக்கு அருகே பை வியாபாரம் செய்யும் கணவன் முஜிபுர் ரஹ்மான். மணப்பாறை என்று காகிதம் வந்தால் அவள் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடுவாள். அமலராணிக்கு அது தெரியும். தெரிந்து எப்படிச் சும்மா இருப்பாள்?

ஒரு நாள் பிற்பகல் ரோஷனின் தோளைத் தொட்டு, "போய் டீ குடிச்சிட்டு வா" என்றாள்.

"இப்பத்தானே குடிச்சேன்."

"இன்னொண்ணு குடி. போ."

ரோஷன் அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போனாள். அமலராணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் பதினொன்று என்ற எண் அப்படியே இருந்தது. விரல்களை ஒரு தடவை நெட்டி முறித்தாள். ரோஷன் திரும்பி வருவதற்குள், அவள் காலையிலிருந்து அடித்ததைவிட அதிகமாக அடித்து முடித்திருந்தாள்.

அதன் பிறகு அது தினப்படி வழக்கமாயிற்று. அமலராணி வந்து நிற்பாள், ரோஷன் எழுந்துகொள்வாள். ஒருத்திக்கும் மற்றவளின் கண்ணைப் பார்க்க நேரமில்லை. ஹாலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, லூர்துராணியைத் தவிர.

"அக்கா விரல் பட்டா பதினொண்ணும் பறக்குது. எனக்கும் ஒரு டீ சொல்லுங்கக்கா."

"வேலையைப் பாருடி" என்று அமலராணி அதட்டினாள். மனசுக்குள் ஒரு பெருமிதம். தன் மனுஷியைத் தான் காப்பாற்றுகிறேன் என்ற பெருமிதம். மாதா கோயிலில் முழங்காலிட்டபோதுகூட அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்?

மாதம் முடிந்தது. பதினோராம் எண்ணுக்குப் பத்துப் பேருக்குள் இடம் கிடைத்தது. அமலராணி அன்று வீட்டுக்குப் போகும்போது மல்லிகைப்பூ வாங்கி, ரோஷன் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே பாதியைக் கிள்ளிக் கையில் திணித்தாள்.

மார்கழி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை அழகியமணவாளன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். மேஜைமேல் ஒரு நீளக் காகிதம்.

"ஒரு ஆர்டர் முழுக்கக் குழாயைக் குட்டையா அறுத்துட்டான். கலப்பு உலோகக் குழாய். அறுத்தது அறுத்ததுதான், ஒட்டவா முடியும்? அறுக்கற இடத்திலே கேட்டா, கம்ப்யூட்டர் கொடுத்த நீளம் இதுதான்னு காகிதத்தை நீட்டறான். பதினொண்ணு யாரு?"

"ரோஷன் பேகம், சார்."

"அவளைப் பத்தி இப்பத்தான் நல்லதா எழுதி மேலே அனுப்பினேன்."

அமலராணி காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். மேல் வரியில் ஒரு நீளம். அதற்கு அடுத்த வரியில் வேறு குழாய். நீளம் மட்டும் மேல் வரியினுடையதே. பார்த்த மாத்திரத்தில் அவள் வலது கையின் சுண்டுவிரல் தானாக மடங்கியது. அம்மாவுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாதா? இது ரோஷன் அடித்ததில்லை. ரோஷனுடைய விரல் ஜன்மத்திலும் அந்த மூலைக்குப் போனதில்லை. தொடாதே தொடாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த விரல்தான் போயிருக்கிறது.

"மணப்பாறைப் பட்டியல்லே அவ பேரை முதல்லே போட்டுடறேன். திங்கட்கிழமை மேலே போகணும். நீங்க என்ன சொல்றேள்?"

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. தொண்டையில் பேர்ப்பலகை குறுக்கே நின்றது. தனி அறை நின்றது. பொன்மலையில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அப்பாவின் முகம் நின்றது.

"சரிங்க சார்" என்றாள்.

இரண்டே சொல்.

வீட்டில் கிளமென்டிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"நீ கெட்டதுக்கா செஞ்ச? உதவிதானே பண்ணின."

"உதவிதாங்க."

"அப்ப விடு. அந்தம்மாவுக்கு வேற ஏதாவது செஞ்சு கொடுப்போம்." சொல்லிவிட்டு அவனே கையை உதறினான். "ஆனா சோறு இறங்க மாட்டேங்குது, அமலி. அது ஏன்னு தெரியல."

மறுநாள் ரோஷனுக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவள் மறுத்துப் பேசவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எப்போதும் பக்கத்தில் உட்காருபவள், அன்று கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள். சத்திரத்தில் இறங்கியதும் அமலராணி அவளைப் பின்தொடர்ந்து ஓடினாள். பூக்கூடையும் வாழைத்தாருமாக ஜனங்கள் இடித்துக்கொண்டு போகும் இடத்தில், ஒரு பழக்கடை ஓரத்தில் ரோஷன் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"அந்த ஆர்டர் நான் அடிச்சதில்ல, அமலா."

"தெரியும்டி."

"தெரிஞ்சுதான் சரின்னு சொன்னியா?"

அமலராணி, "உனக்காகத்தானே உட்கார்ந்தேன்" என்று முனகினாள்.

"நான் கேட்டேனா? பன்னெண்டு வருஷமா உன் தப்பையெல்லாம் நான் பிடிச்சேன். ஒரு நாளாவது உன்னை எழுப்பி விட்டுட்டு உன் நாற்காலியில நான் உட்கார்ந்தேனா?"

பழக்கடைக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எல்லார் முன்னாடியும் நீ வந்து நிப்ப. நான் எந்திரிக்கணும். டீக்கடையில போய் ஒக்காந்தா டீ உள்ள எறங்கல. என் கை ஏன் நின்னு நின்னு போவுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வெரிஃபையர்ல ஒவ்வொரு அட்டையும் சரியா இருந்தா டக்குனு வெட்டு விழுற சத்தம் அந்த இரைச்சல்லயும் கைவழியா கேக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் என் கை அடுத்ததுக்குப் போகும். இந்தப் புது மெஷின் வாயே திறக்க மாட்டேங்குது. சரியா தப்பான்னு அது சொல்லாம எப்படி நான் அடுத்ததுக்குப் போவேன்? எனக்கு வேண்டியிருந்தது பழகறதுக்குக் கொஞ்ச நாள். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்த."

அமலராணி அழுதாள். ரோஷன் அழவில்லை, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நானா போய் மேனேஜர்கிட்ட சொல்ல மாட்டேன். உன்னைப் பிடிச்சுக் கொடுக்கற வேலை எனக்கு வேணாம். நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்." அவள் கணவனின் கடைப் பக்கம் நடந்தாள்.

அன்றிரவும் மறுநாளும் அமலராணி அந்தப் பேச்சையே மென்றுகொண்டிருந்தாள். ஹாலிலேயே வேகக்காரி என்று பெயர் வாங்கினோமே, அந்த வேகம் எங்கிருந்து வந்தது? தவறினால் பிடிக்க ஒருத்தி பின்னால் இருக்கிறாள் என்ற தைரியத்தில் வந்தது. குழந்தை மொட்டை மாடியில் ஓடுகிறது என்றால் கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்று அர்த்தம். ரோஷன்தான் சுவர். சுவரைப் பார்த்து ஏன் ஓட மாட்டேன் என்கிறாய் என்று நினைத்தோமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளமென்டிடம், "ஸ்ரீரங்கம் போயிட்டு வரேன்" என்றாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தான்.

காவேரிப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே பஸ் நெரிந்தது. மார்கழிக் கூட்டம். கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரத்துக்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். துளசியும் கற்பூரமும் மணக்கும் கூட்டத்தில், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒருத்தி சித்திரை வீதியைத் தேடி நடந்தாள்.

கதவைத் திறந்த அழகியமணவாளன் வேஷ்டியும் துண்டுமாக, பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, ஆபீசில் பார்த்த மனிதராகவே இல்லை. "வாங்கோ, வாங்கோ" என்று திகைப்போடு உள்ளே அழைத்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஆபீஸ் விஷயமா? நாளைக்குச் சொல்லப்படாதோ?"

"நாளைக்கு வரைக்கும் எனக்குத் தைரியம் தாங்காது, சார்."

சொன்னாள். முதல் டீயிலிருந்து சுண்டுவிரல் வரை எல்லாவற்றையும் சொன்னாள். காபியில் ஆடை படிந்தது.

"ஒரு வரி தப்பாப் போனதுக்கு நான் மேலே சமாதானம் சொல்லிப்பேன்" என்றார் கடைசியில். "புது மெஷின், பழைய கைன்னு சொல்லலாம். ஆனா நீங்க இன்னொண்ணு பண்ணியிருக்கேளே. அந்த ஒரு மாசக் கணக்கை நம்பித்தானே பத்துப் பேரைப் பிரிச்சேன். பதினொண்ணாம் நம்பர் உள்ளே வந்துட்டா, வேற ஒருத்தி வெளியே போயிருப்பாளே. அது யாருன்னு யோசிச்சேளா?"

அமலராணி யோசித்ததில்லை.

"வீரம்மாள். காட்டூர்லேருந்து வர்றவ. அவதான் பத்தாவதா வந்திருக்க வேண்டியவ. மணப்பாறைன்னு சொன்னதும் 'சரிங்க சார்'னு சொல்லிட்டுப் போனா. ஆம்படையான் இல்லாதவ, ரெண்டு குழந்தை."

வீரம்மாள் ஹாலின் கோடி மெஷினில் உட்காருபவள்; யாரோடும் அதிகம் பேசாதவள். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர அமலராணி கஷ்டப்பட்டாள். அந்தக் கஷ்டம்தான் அவளை உண்மையில் உடைத்தது. கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அந்த அந்நிய வீட்டுக் கூடத்தில் விசும்பி விசும்பி அழுதாள். தன் மனுஷி, தன் மனுஷி என்று ஒருத்தியைத் தூக்கி வைத்தபோது, தன் பொறுப்பில் இருந்த இன்னொருத்தியை அவள் பார்க்கவே இல்லை.

மேனேஜரின் மனைவி ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய், வேறு கலந்து கொண்டுவந்தாள். "குடிச்சுட்டு அழுங்கோ" என்றாள்.

"எனக்கும் இதிலே பங்கு இல்லாம இல்லை" என்றார் அழகியமணவாளன், வாசல் பக்கம் பார்த்தபடி. "மெஷின் எண்ணிடும்னேன். எண்ணித்து. யாரை எண்ணித்துன்னு ஹாலுக்கு வந்து பார்க்கலே. ஆனா அந்த ஆபீசர் உத்தியோகத்தை இனிமே உங்களுக்கு என்னாலே தர முடியாது. தெரியும் இல்லையா?"

"தெரியும், சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

திங்கட்கிழமை பழைய கணக்கை ரத்து செய்தார்கள். பிப்ரவரியில் மறுபடி சோதனை. குழாய் நீளம் வரும் இடத்தை மட்டும் இனி இன்னொருத்தி மறுபடி அடிக்க வேண்டும் என்று மேனேஜர் மேலிடத்தில் வாதாடி வாங்கினார். அதனால் பத்துப் பேர் பன்னிரண்டு பேர் ஆனார்கள். புதுப் பிரிவின் ஆபீசராக வந்தது யார் தெரியுமா? லூர்துராணி. ஹாலில் நடந்ததை வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான். கதவில் பேர்ப்பலகை அடித்தபோது அமலராணி தன் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இப்போது ஒரு எண். சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் கிளமென்ட், "பலகையில்லாத ஆளுங்க ரெண்டு பேரு ஆயிட்டோம்" என்று சொல்லிப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள்.

பிப்ரவரிச் சோதனையில் வீரம்மாள் நல்ல இடத்தில் தேறினாள். ரோஷன் பேகமும் தேறினாள், கடைசிப் பெயராக. நான்கு பேர் மணப்பாறைக்குத்தான் போனார்கள். அதில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். எல்லோரையும் காப்பாற்றும் வித்தை ஒருத்திக்கும் தெரியவில்லை. அமலராணி அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த ஹாலில் வேலை பார்த்தாள். ஆபீசர் ஆகவே இல்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு முன்னால், ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

பொங்கல் கழிந்த வாரம் அவள் லூர்துராணியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம்" என்றாள்.

"ஐயோ, அக்கா, உயிரை வாங்காதீங்க. என்ன வேணும்?"

"ஷிப்ட் முடிஞ்சப்புறம் ரோஷன் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரணும்."

லூர்துராணி பேனாவை வைத்தாள். "உட்காருங்க. கீபோர்டுல மட்டும் உங்க கை படக் கூடாது. பட்டுச்சுன்னா நான் ரிப்போர்ட் எழுதுவேங்க்கா. நெஜமாவே எழுதுவேன்."

ரோஷன் அவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள். "நீ உட்காரு" என்று அமலராணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைகளை முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ரோஷன் சந்தேகத்தோடு ஒரு சொல் அடித்தாள். நின்றாள். நிமிர்ந்தாள்.

"ம்" என்றாள் அமலராணி.

ரோஷன் திரும்பிப் பார்த்தாள். "என்ன?"

"சரியா இருக்கு. அடுத்தது."

ஒரு சொல்லுக்கு ஒரு 'ம்'. நாளெல்லாம் அடித்துக் களைத்த பிறகு, சாயங்காலமெல்லாம் அந்த 'ம்'. முதல் இரண்டு நாள் ரோஷன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. பொறுப்பாக 'ம்' கொட்டுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அமலராணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் விரல்கள் முந்தானைக்குள் தவித்தன. ஒரு வினாடியில் அடித்துவிடலாமே என்று துடித்தன. துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு வந்தால் 'ம்' சொல்லாமல் இருப்பாள். ரோஷன் தானே தேடிக் கண்டுபிடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டாள். சில சமயம் அந்தத் தேடல் வெகுநேரம் பிடிக்கும்.

நாளாக ஆக 'ம்' இரண்டு சொல்லுக்கு ஒன்றாயிற்று. பிறகு வரிக்கு ஒன்றாயிற்று. ஒரு சாயங்காலம் அமலராணி வழக்கம்போல வரி முடிவதற்குக் காத்திருந்தாள். வரி முடிந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ரோஷனின் கை அடுத்த வரியில் பாதி தாண்டியிருந்தது. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வரியும் போயிற்று. வாயை மூடிக்கொள்ள மறந்து அமலராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்துகள் கலங்கி ஒன்றாகிவிட்டன.

ரோஷன் அடிப்பதை நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"சும்மா மூக்கை உறிஞ்சாத, எனக்குக் கணக்குத் தப்புது. போதும் அமலா, நீ எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடி."

அமலராணி எழுந்து போனாள்.